காற்றை நம்பிய சிற்பி

சிலை என்றால் அசையாமல் நிற்பது என்ற எண்ணத்தை மாற்றியவர் அலெக்சாண்டர் கால்டர். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்றை வேலைக்கு அமர்த்தினார். ஆனால் அவர் அசையவிட்டதை நிறுத்திவைக்க எப்போதும் யாராவது இருந்திருக்கிறார்கள்.

இரும்பு ஆலைகளால் பெயர்பெற்ற அமெரிக்க நகரம் பிட்ஸ்பர்க். 1958-ல் அங்கே நடந்த கார்னகி சர்வதேசக் கலைக் கண்காட்சியில், சிற்பத்துக்கான முதல் பரிசை மேலிருந்து தொங்கும் ஒரு மாபெரும் படைப்பு வென்றது. கம்பிகளின் முனைகளில் கறுப்பும் வெள்ளையுமாகத் தகடுகள். லேசாகக் காற்று பட்டாலும் ஒரு தகடு நகரும். அது நகர்ந்தால் அடுத்தது திரும்பும். சிற்பத்தின் பெயரும் 'பிட்ஸ்பர்க்'தான். தொழிலதிபர் ஒருவர் அதை விலைக்கு வாங்கி, நகரம் அடங்கிய அலெகனி மாவட்ட நிர்வாகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். நிர்வாகம் அதை விமான நிலையத்தில் தொங்கவிட்டது.

வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மாவட்டத்தின் நிறங்கள் பச்சையும் பொன்னும். சிற்பத்துக்கும் அதே வண்ணங்களைப் பூசிவிட்டார்கள். அது தானாக அசையவும் முடியாமல் செய்துவிட்டார்கள். செய்தி தெரிந்து சிற்பி எதிர்ப்புத் தெரிவித்தார். பலன் இல்லை. பொருள் மாவட்டத்தின் சொத்து. சொத்துக்கு வண்ணம் அடிக்கச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு. 1976-ல் சிற்பி இறக்கும்வரை பிட்ஸ்பர்க்கில் தொங்கியது அவர் செய்த சிற்பம் அல்ல.

இத்தனைக்கும் அந்தச் சிற்பி யாரோ எவரோ அல்ல. 1943-லேயே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெரும் கண்காட்சி நடத்தியிருந்தது. 1952-ல் வெனிஸ் பியனாலேயில் சிற்பத்துக்கான பெரும்பரிசு பெற்றவர். இன்று கைத்தொலைபேசிக்கு வழங்கும் 'மொபைல்' என்ற சொல், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கலை உலகில் அவர் படைப்புகளின் பெயராகிவிட்டது. அவர் அலெக்சாண்டர் கால்டர். நண்பர்களுக்கு 'ஸாண்டி'.

சிற்பம் என்றால் ஓரிடத்தில் நிலையாக நிற்பது, பார்ப்பவர்தான் அதைச் சுற்றிவர வேண்டும் என்பது பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். சிற்பமே நகரட்டும், பார்ப்பவர் நிற்கட்டும் என்று அதைத் திருப்பிப்போட்டவர்களில் முதன்மையானவர் கால்டர். அந்த அசைவு எப்படி வந்தது, அதை நிறுத்த ஏன் இத்தனை பேர் முற்படுகிறார்கள் என்பதுதான் அவர் கதை.

மூன்று தலைமுறை

கால்டர் 1898-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். குலத்தொழில் என்றே சொல்லலாம். பிலடெல்பியா நகரமன்றக் கோபுரத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென்னின் 11 மீட்டர் வெண்கலச் சிலை, அவருடைய தாத்தா அலெக்சாண்டர் மில்ன் கால்டர் வடித்தது. அங்கிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஸ்வான் நினைவு நீரூற்றின் சிலைகள், தந்தை அலெக்சாண்டர் ஸ்டர்லிங் கால்டர் செய்தவை. தாய் நானெட் ஓவியர். அதே சாலையின் மறுமுனையில் உள்ள கலை அருங்காட்சியகத்தின் மண்டபத்தில், பேரன் செய்த 'ஆவி' என்ற வெள்ளை மொபைல் தொங்குகிறது. உச்சியில் வெண்கலம், நடுவில் தண்ணீர், கடைசியில் காற்று. 2025 செப்டம்பரில் இந்தச் சாலையிலேயே 'கால்டர் தோட்டம்' என்ற பெயரில் பேரனுக்குத் தனி இடமும் திறக்கப்பட்டது.

சிற்பிகளின் வீட்டில் பிறந்தவர் சிற்பம் படிக்கவில்லை. ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்து 1919-ல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் பல வேலைகள் பார்த்தார், எதிலும் நிலைக்கவில்லை. 1922-ல் நியூயார்க்கிலிருந்து பனாமா கால்வாய் வழியாக சான்பிரான்சிஸ்கோ செல்லும் கப்பலில் கொதிகலன் அறை வேலைக்குச் சேர்ந்தார். குவாதமாலா கடற்கரைக்கு அப்பால் ஒரு விடியற்காலை. கப்பலின் மேல்தளத்தில் படுத்திருந்தவர் கண் விழித்தபோது, ஒரு பக்கம் செந்நெருப்பாகச் சூரியன் எழுந்துகொண்டிருந்தது. மறுபக்கம் வெள்ளி நாணயம் போல நிலா. இரண்டும் ஒரே நேரத்தில், எதிர் எதிரே. அந்தக் காட்சி தன்னைவிட்டு நீங்கவே இல்லை என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். அவருடைய சிற்பங்களில் மீண்டும் மீண்டும் வரும் சிவப்பு வட்டத்துக்கும் வெள்ளை வட்டத்துக்கும் மூலம் தேடுபவர்கள் இங்குதான் வந்து நிற்கிறார்கள்.

அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு பத்திரிகைக்குப் படம் வரையும் வேலையும் கிடைத்தது. 1925-ல் அந்தப் பத்திரிகை, ரிங்லிங் சர்க்கஸை வரைந்துவர அனுப்பியது. இரண்டு வாரம் அங்கேயே கிடந்தார். மற்றவர்கள் சிங்கத்தையும் கோமாளியையும் பார்த்தபோது, எஞ்சினியர் கண்ணுக்கு வேறொன்று பட்டது. ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குத் தாவுபவனின் கணக்கும், கயிற்றின்மேல் நடப்பவளின் சமநிலையும்தான் அது.

1926-ல் பாரிஸ் போனார். கம்பி, தக்கை, மரத்துண்டு, துணி ஆகியவற்றைக் கொண்டு ஒரு குட்டி சர்க்கஸையே செய்தார். அக்ரோபாட்டுகள் தாவினார்கள், சில நேரம் தவறி விழுந்தார்கள். ஒரு பெட்டிக்குள் அடங்கிய சர்க்கஸ் வளர்ந்து ஐந்து பெட்டிகளை நிரப்பியது. அந்தப் பருத்த உடம்புக்காரர் தரையில் மண்டியிட்டு, கயிறுகளை இழுத்து, சிங்கத்துக்காக உறுமி நிகழ்ச்சி நடத்துவார். கிராமபோனில் இசை ஓடும். பார்வையாளர்களில் மீரோ, மோன்ட்ரியன், கட்டடக் கலைஞர் லெ கார்பூஸியே எல்லாம் இருந்தார்கள். நம் பொம்மலாட்டக்காரருக்குப் பழக்கமான வேலைதான். பாரிஸ் அதை நவீனக் கலையின் தொடக்கமாகப் பார்த்தது.

மோட்டார் போனது, காற்று வந்தது

1930 அக்டோபரில் கால்டர் ஓவியர் பீட் மோன்ட்ரியனின் பாரிஸ் வீட்டுக்குப் போனார். வெள்ளையடித்த அறை. சுவரில் வண்ண அட்டைச் சதுரங்களைக் குத்தி வைத்திருந்தார் ஓவியர். இவையெல்லாம் அசைந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டார் கால்டர். தேவையில்லை, என் ஓவியம் ஏற்கனவே மிக வேகமாக இருக்கிறது என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் வந்ததாகக் கால்டர் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறந்த குழந்தையை அறைந்தால் அதற்கு மூச்சு வருவதைப் போல, அந்தச் சந்திப்பு தனக்கு இருந்தது என்பது அவர் கணிப்பு.

வீடு திரும்பி இரண்டு வாரம் ஓவியம் வரைந்து பார்த்தார். பிறகு கம்பிக்கே திரும்பினார். 1931-ல் அவர் செய்தவற்றில் சில கைப்பிடியைச் சுழற்றினால் நகர்ந்தன. சில சிறிய மின்மோட்டாரால் நகர்ந்தன. அந்த ஆண்டு அவர் பட்டறைக்கு வந்த கலைஞர் மார்செல் டுஷாம்பிடம் இவற்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். 'மொபில்' என்றார் டுஷாம்ப். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு நகர்வது என்றும் பொருள், செயலுக்குத் தூண்டும் நோக்கம் என்றும் பொருள். கொஞ்ச நாளில் இன்னொரு கலைஞர் ஜான் ஆர்ப், அப்படியானால் நகராதவை எல்லாம் 'ஸ்டேபிலா' என்று கேலியாகக் கேட்டார். அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

மோட்டாரில் ஒரு சிக்கல் இருந்தது. அது சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். பத்தாவது சுற்றில் என்ன வரும் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். 1934-ல் செய்த 'ஒரு பிரபஞ்சம்' என்ற மோட்டார் சிற்பத்தின் சுற்று முடிய ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் அதன் முன் முழு நேரமும் நின்று பார்த்ததாக ஒரு கதை உண்டு. அத்தனை நீளமான சுற்றுக்கும் ஒரு முடிவு இருந்தது. காற்றுக்கு அது கிடையாது. ஆகவே கால்டர் படிப்படியாக மோட்டாரைக் கைவிட்டார்.

காற்றை நம்புவதற்கு முன் சமநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கிராமத்துச் சந்தையில் வெள்ளிக்கோல் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தூக்கிப் பிடிக்கும் இடத்திலிருந்து ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிலோ தொங்கினால், மறுபக்கம் 100 கிராமை 100 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் கோல் நேராக நிற்கும். அதிக எடையும் குறைந்த தூரமும், குறைந்த எடைக்கும் அதிக தூரத்துக்கும் ஈடு.

கால்டர் கீழிருந்து மேலாகப் போவார். முதலில் மிகச் சிறிய தகடு, அதற்கு ஒரு கம்பி, அந்தக் கம்பியின் மறுமுனையில் இன்னொரு தகடு. கம்பி எந்தப் புள்ளியில் நேராக நிற்கிறதோ அங்கே குறட்டால் ஒரு வளையம். இந்த முழு ஜோடியும் அடுத்த கம்பியின் ஒரு முனையில் வெறும் எடையாக மாறும். அதற்கு எதிர்முனையில் அடுத்த தகடு. இப்படியே ஏறி ஏறிக் கடைசியில் மொத்தச் சிற்பமும் ஒரே கொக்கியில் தொங்கும். எந்தத் தகட்டின் எடையை மாற்றினாலும் மேலே உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கம்பியும் தன் வளையத்தில் தனியாகச் சுழலும் என்பதால், ஒரே சிற்பத்தை ஒரே நிலையில் இரண்டு முறை பார்ப்பது அரிது.

இயந்திரப் படிப்பு வீண்போகவில்லை. ஆனால் கணக்கு முடிந்ததும் எஞ்சினியர் விலகிக்கொள்கிறார் என்பதுதான் விஷயம். தகடு எங்கே போகலாம் என்பதை மட்டும் அவர் தீர்மானிக்கிறார். எப்போது போகும் என்பது காற்றின் பொறுப்பு. 1946-ல் பாரிஸ் கண்காட்சிக்காகக் கட்டுரை எழுதிய தத்துவ அறிஞர் சார்த்தர், இவை எதையும் குறிப்பதில்லை, ஜடத்துக்கும் உயிருக்கும் நடுவழியில் நிற்கின்றன என்ற கருத்தில் எழுதினார். அந்தக் கண்காட்சிக்குப் போன பல சிற்பங்கள், தபாலில் அனுப்பக்கூடிய அளவுக்குப் பிரித்து மடக்கும்படி செய்யப்பட்டவை. பறக்கும் சிற்பம் பார்சலில் போய்ச் சேர்ந்தது.

பாதரசமும் எதிரொலியும்

விளையாட்டுப் பிள்ளை என்ற பெயர் கால்டருக்குக் கடைசிவரை இருந்தது. அதைப் பொய்யாக்கும் ஒரு படைப்பு, ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க் காலத்தது. 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசு அரசின் அரங்குக்காக அவர் ஒரு நீரூற்று செய்தார். அதில் ஓடியது தண்ணீர் அல்ல, பாதரசம். ஸ்பெயினின் அல்மடேன் சுரங்கத்தில் எடுத்தது. பிராங்கோவின் படைகள் கைப்பற்றத் துடித்த சுரங்கம் அது. தகடுகளில் வழிந்து விழும் பாதரசம் ஒரு கோலைத் தட்ட, மேலே கம்பியில் எழுதிய 'அல்மடேன்' என்ற பெயர் ஆடும். எதிரே பிகாசோவின் 'கெர்னிகா'. அந்த அரங்கில் இடம்பெற்ற கலைஞர்களில் ஸ்பெயின்காரர் அல்லாதவர் கால்டர் மட்டுமே. மக்கள் காசுகளை எறிந்து, அவை பாதரசத்தில் மிதப்பதை வேடிக்கை பார்த்தார்கள். இன்று அந்த ஊற்று பார்சிலோனாவில், மீரோ அறக்கட்டளையில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பாதரச ஆவி நஞ்சு. எதிரே இருந்து பார்க்கலாம், அருகே போக முடியாது.

வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில் நடந்தது வேறு வகை. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கை வடிவமைத்த வில்லானுவேவா, கால்டரின் படைப்பு ஒன்றை அங்கே வைக்க விரும்பினார். அரங்கின் வளைந்த கூரையோ ஒலியைக் கெடுத்தது. ஒலியியல் வல்லுநர் ராபர்ட் நியூமனுடன் பேசி, இரண்டையும் ஒன்றாக்கினார்கள். வண்ண மேகங்கள் போன்ற பெரிய பலகைகள் கூரையிலும் சுவர்களிலும் மிதப்பது போலப் பொருத்தப்பட்டன. எதிரொலி அடங்கியது. அரங்கு 1953-ல் முடிந்தது. அது அடங்கிய பல்கலைக்கழக வளாகம் 2000-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அசைவைத் தொழிலாகக் கொண்டவரின் அசையாத இந்தப் படைப்பில், ஒலி நகர்கிறது.

அகமதாபாத்தில் கொய்யாவும் அலரியும்

1950-களில் அகமதாபாத்தின் சாராபாய் குடும்பத்தைத் தேடி உலகமே வந்துகொண்டிருந்தது. மில் அதிபர் அம்பாலால் சாராபாயின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு துறை. விக்ரம், விண்வெளி ஆய்வில் இந்தியாவுக்கு வழிகாட்டப்போகிறவர். கீதா சங்கீதம் கற்றவர். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர். கெளதமும் கீராவும் காலிகோ ஜவுளி அருங்காட்சியகத்தையும், பிறகு 1961-ல் தேசிய வடிவமைப்புக் கழகத்தையும் உருவாக்கியவர்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட்டிடம் பயின்ற கீரா, கால்டருக்குக் கடிதம் எழுதினார். விலை பேசவில்லை. மனைவியோடு வந்து இந்தியாவைச் சுற்றிப் பாருங்கள். பதிலுக்குச் சில சிற்பங்கள் செய்து தாருங்கள் என்பதுதான் ஒப்பந்தம்.

1955-ன் தொடக்கத்தில் கால்டரும் மனைவி லூயிஸாவும் வந்தார்கள். சாராபாய் குடும்பத்தின் வளாகத்தில் கால்டர் சுமார் மூன்று வாரம் வேலை செய்தார். தகடு, கம்பி, கத்தரி, குறடு இருந்தால் போதும், உலகின் எந்த மூலையும் அவருக்குப் பட்டறைதான். அந்தச் சில வாரங்களில் பத்துக்கு ஒன்றிரண்டு முன்பின்னாகச் சிற்பங்களும், கொஞ்சம் நகைகளும் பிறந்தன. ஒன்றின் பெயர் 'கொய்யா'. இன்னொன்று 'பிராஞ்சி பானி'. நம் கோயில் வளாகங்களில் பூத்துச் சொரியும் ஈழத்தலரியின் ஆங்கிலப் பெயரை, காதில் விழுந்தபடி எழுத்துக்கூட்டி வைத்த பெயர் அது.

இந்தச் சிற்பங்களில் இந்தியக் கலையின் 'தாக்கம்' தேடுபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். தாமரையோ நடராஜரோ கிடையாது. இருப்பதெல்லாம் இலை, கிளை, காய், பூ. காற்றில் எது எப்படி ஆடும் என்பதை மட்டும் அவர் கவனித்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்து இந்தியாவின் ஆன்மாவைப் பிடித்துவிட்டதாகச் சொன்னவர்கள் நடுவில், கொய்யா மரத்தைப் பார்த்துவிட்டுப் போனவர் என்பதே அவருக்குப் பெருமை. அந்தச் சிற்பங்களில் சில பின்னாளில் வெளிநாட்டுச் சேகரிப்புகளுக்குப் போய்விட்டன. 2012-ல் லண்டன் காட்சிக்கூடம் ஒன்று 'இந்தியாவில் கால்டர்' என்ற தலைப்பில் பலவற்றை ஒன்றுசேர்த்துக் காட்டியது. அழைத்துவந்த கீரா சாராபாய் 2021-ல் காலமானார்.

பெரிதாகிப் போனவர்

கடைசி இருபது ஆண்டுகளில் கால்டர் உலகெங்கும் வேண்டப்பட்டார். பிரான்சில் ஸாஷே என்ற கிராமத்தில் குடியேறி, அருகிலுள்ள தூர் நகர இரும்புப் பட்டறையில் பெரிய ஸ்டேபில்களைச் செய்வித்தார். மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் 1969-ல் நிறுவப்பட்ட சிவப்புச் சிற்பம் 13 மீட்டர் உயரம், 42 டன் எடை. முதலில் முகம் சுளித்தவர்கள் அந்த ஊரில் உண்டு. பிறகு அந்த ஊரே அதைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. சிகாகோவில் 1974-ல் 'ஃபிளமிங்கோ' வந்தது. விமானங்களுக்கும், 1975-ல் பந்தயக் கார் ஒன்றுக்கும்கூட வண்ணம் தீட்டினார்.

புகழ் கூடியபோது விமர்சனமும் வந்தது. இது சிற்பமா, அறை அலங்காரமா? தொட்டிலுக்கு மேலே சுழலும் பிளாஸ்டிக் மீன்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கால்டரே 1920-களில் பொம்மை நிறுவனத்துக்கு இழுபொம்மைகள் வடிவமைத்தவர். ஆனால் தொட்டில் மீன்கள் வந்தது அவருக்குப் பிறகு. ஒருவருடைய கண்டுபிடிப்பு குழந்தைகளின் முதல் காட்சியாக மாறுவதை இழிவு என்று சொல்வதற்கு வேறு மாதிரி மனம் வேண்டும்.

சிரித்த முகத்துக்குப் பின்னால் பிடிவாதமும் இருந்தது. வியட்நாம் போரை எதிர்த்து 1966-ன் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸில் கால்டர் தம்பதி முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார்கள். 1976-ல் அமெரிக்க அரசு அளிக்க முன்வந்த ஜனாதிபதி பதக்கத்தை அவர் ஏற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 11-ல், நியூயார்க்கில் தன் படைப்புகளின் பெருங்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். இரண்டு மாதம் கழித்துப் பதக்கம் மறைவுக்குப் பிந்தைய விருதாக அறிவிக்கப்பட்டது. போருக்குப் போக மறுத்த இளைஞர்களுக்கு மன்னிப்பு வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்துக் குடும்பத்தினர் விழாவைப் புறக்கணித்தார்கள்.

தொடாதீர்கள், ஊதாதீர்கள்

அசையும் சிற்பத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கல்லும் வெண்கலமும் நின்றால் நிலைக்கும். இது நின்றால் செத்துவிடும். ஆனால் அசைந்தாலோ தேயும். வளையத்தில் வளையம் உராய்கிறது. வண்ணம் உதிர்கிறது. 1930-களின் மோட்டார்களுக்கு வயதாகிவிட்டது. ஒரு சிற்பம் கோடிக்கணக்கில் விலைபோகும்போது, அதை ஆடவிடக் காப்பீட்டுக்காரரும் பாதுகாவலரும் யோசிப்பது இயல்பு.

1930-களின் ஆரம்பத்தில் கால்டர் செய்த 'சிறு உருண்டையும் கனத்த உருண்டையும்' என்ற படைப்பை எடுத்துக்கொள்ளலாம். கூரையிலிருந்து தொங்கும் இரும்பு உருண்டையை ஒருவர் மெல்லத் தள்ளிவிட, மறுமுனையில் உள்ள சிறு மர உருண்டை, தரையில் வைத்த புட்டிகளையும் டப்பாவையும் சேகண்டியையும் தன் இஷ்டப்படி தட்டிப் போகும். யாரும் தள்ளாவிட்டால் அது தரையில் கிடக்கும் சில காலிப் புட்டிகள்தான். 2015-ல் லண்டன் டேட் மாடர்னில் நடந்த பெரிய கால்டர் காட்சிக்கு 'நிகழ்த்தும் சிற்பம்' என்று பெயர். ஆனால் பார்வையாளர் தொடவோ ஊதவோ அனுமதி இல்லை. 2017-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நடுவழி ஒன்றைப் பிடித்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் குறித்த நேரங்களில் வந்து, சிற்பங்களை ஒவ்வொன்றாக அசைத்துவிட்டுப் போனார்கள். பூஜை வேளையில் மட்டும் திரை விலகுவதைப் போல.

பாதுகாப்பதற்காக நிறுத்துவது ஒருபுறம். அலட்சியத்தால் நிறுத்துவது வேறு. பிட்ஸ்பர்க்கில் நடந்தது இரண்டாவது வகை. கால்டர் இறந்த பிறகுதான் அங்கே சிற்பத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் திரும்பின, அசைவும் திரும்பியது. விலை கொடுத்து வாங்கியவருக்குப் படைப்பைச் சிதைக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைக்கிறதா என்ற விவாதத்தில் இந்தச் சம்பவம் அமெரிக்காவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்டது. காட்சிக்கலைஞர்களின் உரிமைக்கான சட்டம் அங்கே 1990-ல் வந்தது.

இந்தியாவுக்கு அந்த வழக்கு தூரத்து விஷயம் அல்ல. டெல்லி விஞ்ஞான பவனுக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் உழைத்துச் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1962-ல் அங்கே இடம்பெற்றது. 1979-ல் சிற்பியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். பாகங்கள் சேதமாயின, சில காணாமலும் போயின. சேகல் நீதிமன்றம் போனார். 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பு கைமாறிய பிறகும் அதன் மானத்தைக் காக்கும் உரிமையைப் படைப்பாளியிடமே விட்டுவைக்கிறது. 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றம் சேகலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எஞ்சியதைத் திருப்பித் தரவும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் அரசுக்கு உத்தரவு. சட்டத்தில் இடம் இருந்தது. அதை நிலைநாட்ட ஒரு கலைஞருக்கு வாழ்நாளில் பாதி தேவைப்பட்டது.

கால்டர் விஷயத்தில் மாறாக நடந்ததும் உண்டு. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்துக்காக, வாழ்வின் கடைசி ஆண்டுகளில் ஒரு பெரிய மொபைலை அவர் வடிவமைத்தார். நீளம் 23 மீட்டருக்கும் மேல். அதை வழக்கம்போல எஃகில் செய்தால் எடை பல ஆயிரம் கிலோ ஆகும். கட்டடத்துக்குள் இருக்கும் காற்று அதை அசைக்காது. மோட்டார்தான் வைக்க வேண்டும் என்று தெரியவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கால்டர் எதைக் கைவிட்டாரோ, அதுவே வாசலில் வந்து நின்றது.

அதைத் திருப்பியனுப்பியவர் பால் மாட்டிஸ். ஓவியர் மாட்டிஸின் பேரன்; 'மொபைல்' என்று பெயர் வைத்த டுஷாம்பின் வளர்ப்பு மகனும்கூட. விமானக் கட்டுமானத்தில் பயன்படும் முறையில், உள்ளே தேன்கூடு போலத் துளைகள் கொண்ட அலுமினியத் தகடுகளால் அவர் அந்தச் சிற்பத்தைச் செய்தார். உருவம் கால்டர் தீர்மானித்ததுதான், எடை மட்டும் சுமார் 420 கிலோவாகக் குறைந்தது. சிற்பம் மாட்டப்பட்டது 1977-ல். அதற்குள் கால்டர் இறந்து ஓராண்டு ஆகிவிட்டது.

மோட்டார் வைக்கவில்லை. உள்ளே வரும் காற்றில் அது மெதுவாகத் திரும்புகிறது.